காய்க்காத ஜாதிக்காய் மரம்

குற்றாலமலைச் சரிவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டம். அதன் சொந்தக்காரர் பண்ணையார் ராஜரத்தினம் ஒருநாள் மனைவியோடும் ஏழு பிள்ளைகளோடும் தோட்டம் பார்க்க வந்தார்.

பத்து மரங்களில் மஞ்சள் காய்கள் வெடித்து, கொட்டையைச் சுற்றிய சிவப்பு ஜாதிபத்திரி தெரிந்தது. நடுவில் ஒரு மரம் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. இலையைக் கிள்ளினால் கமகமவென்று மணந்தது. காய்தான் ஒன்றுகூட இல்லை.

"ஏட்டி மாடத்தி, இது ஏன் காய்க்கல?" என்று தோட்டக்காரியை அதட்டினார்.

"இது ஆண் மரம், அய்யா. ஜாதிக்காயில ஆண் வேற, பெண் வேற. இது பூத்தாத்தான் மத்த பத்தும் காய்க்கும்."

"கதை விடுதியா? சும்மா நிக்கிற எதுக்கும் என் மண்ணுல இடமில்ல. சாயங்காலத்துக்குள்ள இதுல ஒரு காய் காட்டு. இல்லன்னா மரத்தோட நீயும் வெளிய போ!"

சொன்னதோடு நிற்கவில்லை. கோடாரிக்காரனையும் கூப்பிட்டு மரத்தடியில் நிறுத்திவிட்டார்.

மாடத்தி தலையைச் சொறிந்தாள். "சரி அய்யா. அதுக்கு முன்ன ஒரு சந்தேகம். இந்த ஏழு பிள்ளையில அய்யா பெத்தது எத்தனை?"

"ஏழும் என் பிள்ளைதாண்டி!"

"பிள்ளை அய்யாவோடதுதான். வயித்துல சுமந்து பெத்தது எத்தனைன்னு கேட்டேன்."

பண்ணையாரின் மனைவிதான் முதலில் சிரித்தாள்.

"ஏழையும் நான்தான் பெத்தேன். கோடாரியைக் கீழ போடுப்பா. இவுக சட்டப்படி பாத்தா முதல்ல வெட்ட வேண்டியது மரத்தை இல்ல!"

கோடாரிக்காரன் கோடாரியைக் கீழே வைத்தான்.

அந்த மரம் இன்னும் நிற்கிறது. தோட்டத்தில் அதற்குப் பெயர், பண்ணையார் மரம்.