கம்பம் குடுத்த கை

ஒரு ஊர்ல ஒரு வேப்பமரம். அந்த மரத்தை வெச்சு மூணு அநியாயம் நடந்துச்சு கண்ணு. வரிசையாச் சொல்றேன், நீயும் வரிசை மாத்தாம மனசுல வெச்சுக்க. வரிசை தப்பிச்சுன்னா, அப்படி ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்றதுக்கு ஆளுங்க தயாரா நிப்பாங்க. ம் கொட்டு.

மொதல்ல, தூக்கற அநியாயம். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் வெட்டறது கீழ வளவுக்காரங்க, அதான் ஊருக்கு ஒதுக்குப்புறத் தெரு சனம். வெட்டித் தோள்ல வெச்சு ஊர் எல்லைக்கல்லு வரைக்கும் கொண்டு வருவாங்க. அங்க கீழ வெச்சிட்டு ஒதுங்கிக்கணும். மேல வளவுக்காரங்க வந்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு, தங்க தோள்ல ஏத்திட்டுப் போவாங்க.

அப்புறம், தண்ணி அநியாயம். கம்பத்துக்கு ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் தண்ணி ஊத்துவாங்க. கீழ வளவுப் பொம்பளைங்க மட்டும், கிட்ட வராம இருக்கக் குறுக்க கட்டின கயித்துக்கு இந்தாண்ட நிக்கணும். யாராவது மனசு எறங்கிக் குடத்தை வாங்கி ஊத்தினாத்தான் உண்டு. இல்லைன்னா கொண்டு வந்த தண்ணி கொண்டு வந்தபடி வீட்டுக்கு.

அதுக்கப்புறந்தான் மூணாவது. பேர் அநியாயம். அந்த அநியாயந்தான் இந்தக் கதை.

கம்பம்னா என்னன்னு கேக்கறயா? மூணு கவை இருக்கற வேப்பங்கொம்பு. அதைக் கோயில் முன்னாடி நடுவாங்க. அதுதான் அம்மனுக்குப் புருசன். பங்குனி வெயில்ல அம்மன் கோவத்துல கொதிச்சுக்கிட்டு இருப்பா. அந்தச் சூடுதான் ஊருக்குள்ள அம்மையாப் போடும்பாங்க. அதனால, கம்பத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணி ஊத்தி ஊத்தி அவளைக் குளுர வெப்பாங்க. விடியறதுக்குள்ள தெருவெல்லாம் ஈரம். குடம் ஒவ்வொண்ணும் சளசளன்னு கவிழும். பொழுது சாஞ்சா மேளம் டண்டணக்கு டண்டணக்குன்னு பிச்சுக்கும், ஆம்பளைங்க கம்பத்தைச் சுத்திச் சலங்கை ஜல்ஜல்லுன்னு ஆடுவாங்க. மாவிளக்கு நெய் வாசம் இருக்கே, அது நோம்பி முடிஞ்சும் சீலையில இருக்கும். இப்ப மைக் செட்டுக் கட்டி ஊரையே செவிடாக்கறாங்க. அந்த வாசத்தை எந்த மைக்குல போடறது?

கம்பம் நட்டாச்சுன்னா, பிடுங்கற வரைக்கும் எந்த வீட்லயும் தாளிக்கிற சத்தம் கேக்காது. யாரும் ராத்தங்க வெளியூர் போக மாட்டாங்க. கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கெணத்துல விடுவாங்க. அதுக்கப்புறந்தான் அம்மை கண்ட பிள்ளைங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க.

சரி. அந்த ஊர்க் கீழ வளவுல பொங்கியண்ணன்னு ஒருத்தர். மேல வளவுக்காரங்க வாயில அவர் வெறும் பொங்கான். மூணு கவைக் கொம்பு எல்லா மரத்துலயும் கிடைக்காது கண்ணு. ஊரே காடு காடாத் தேடி அலையும். அவர் என்ன பண்ணினாருன்னா, தன் வீட்டு வாசல்ல ஒரு வேப்பங்கன்னு வெச்சு, கொழுந்து விடறப்பவே நாரால கட்டிக் கட்டி, கிளைக்குக் கிளை மூணு கவையா வளத்துட்டாரு. கன்னுக்குட்டிக்கு மூக்கணாங்கயிறு போடற மாதிரி. அதுக்கப்புறம் வருசா வருசம் கம்பம் அந்த மரத்துலருந்துதான்.

ஒரு வருசம் கொம்பு வெட்ட ஏறினாரு. காலு வழுக்கிச்சு. தொப்புன்னு விழுந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்லை.

ம் கொட்டு. தூங்கிட்டயா? ம், சரி.

அவரை அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போனாங்க, அவர் வெட்டின கம்பம் இந்தப் பக்கம் கோயிலுக்குப் போச்சு. கம்பம் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வழக்கம் உண்டு. பூசாரி மூணு தரம் கேப்பாரு, கம்பம் குடுத்தது எந்தக் கைன்னு. கையில காப்புக் கட்டின ஆள்தான் பதில் சொல்லணும். மஞ்சக் கயிறு கட்டின வாய் பொய் சொல்லக்கூடாது. பதில் வராம கம்பத்தைத் தொடக்கூடாது. அந்த வருசமும் பூசாரி கேட்டாரு. வந்த பேரு, ஊர்க் கொத்துக்காரரோட தாத்தா பேரு. கொத்துக்காரர்னா ஊருக்குப் பெரியதனம். அவரு தாத்தா ஒரு வேப்பங்குச்சி ஒடிச்சுப் பல்லு வெளக்கியிருந்தா அதே பெருசு.

கூட்டத்துக்குக் கடைசில, கயித்துக்கு இந்தாண்ட, பொங்கியண்ணன் மக மயிலாத்தா நின்னுட்டிருந்தா. அப்பன் மண்ணு இன்னும் காயலை. எங்கப்பன் பேரு இந்த இடத்துல விழணும், அதைக் காதால கேட்டுட்டுத்தான் ஓய்வேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டா.

அடுத்த வருசம் பூசாரிகிட்டப் போனா. அவரு, நான் கேக்கறவன் அம்மணி, பதில் சொல்றவன் இல்லைன்னு கையை விரிச்சிட்டாரு.

அப்போ அதுக்கடுத்த வருசம் கொத்துக்காரர்கிட்டயே போனா. கீழ வளவுப் பேரு கோயில் வாசல்ல கேட்டா அம்மன் கோவிச்சுக்குவான்னுட்டாரு. கீழ வளவு மரத்தைக் கட்டிக்கிறப்பக் கோவிக்காதவ, பேரைக் கேட்டாக் கோவிப்பாளான்னு மயிலாத்தா கேக்கலை. வீட்டுக்கு வந்து சுவத்துகிட்டக் கேட்டா. நாமளும் அப்படித்தானே, சரியான பேச்செல்லாம் வீட்டுக்கு வந்தப்புறந்தான் வாயில வரும்.

மூணாவது வருசம் சித்தப்பன் ராக்கியான்கிட்டப் போனா. ஏன்னா காப்புக் கட்டறதே அவருதான். முறைப்படி கொத்துக்காரர்தான் கட்டணும். ஆனா காப்புன்னா தரையில படுக்கணும், பச்சைத்தண்ணியில குளிக்கணும், பொய் சொல்லக்கூடாது. பெரியதனத்துக்கு இதெல்லாம் ஒத்து வருமா? அதனால பண்ணையத்து ஆளு ராக்கியான் கையில கட்டி விட்டுட்டு அவரு மெத்தையில படுத்துக்குவாரு. சொல்லிக் குடுத்த பேரை இவரு சொல்லுவாரு. உன் கூடப்பொறந்தவன் பேரை ஒரே ஒரு தரம் சொல்லுன்னு மயிலாத்தா கெஞ்சினா. சரின்னாரு. பூசாரி கேட்டப்ப வாயையும் தொறந்தாரு. கொத்துக்காரர் மீசையைப் பாத்தாரு. பழைய பேரே வந்துச்சு. அன்னிக்கு அவரு வீட்ல சோறு எறங்கலை. மயிலாத்தா வஞ்சு ஒரு வார்த்தை சொல்லலை. வயித்துப்பாட்டுக்குப் பயந்த வாயை வஞ்சு என்ன ஆகப்போகுது?

அப்புறம் நாலாவது வருசம். நோம்பி சாட்டற நேரம் பாத்துக் கொத்துக்காரர் பேத்திக்கு அம்மை போட்டிருச்சு. ஒடம்பெல்லாம் முத்து முத்தா. கொத்துக்காரரே கீழ வளவுக்கு நடந்து வந்தாரு, பிள்ளை படுக்கைக்கு வேப்பிலையும் கோயிலுக்குக் கம்பமும் கேட்டு. மயிலாத்தா வேப்பிலையை மடி நெறைய ஒடிச்சு உடனே குடுத்துட்டா. பச்சைப்புள்ள என்ன பண்ணுச்சு பாவம். கம்பத்துக்கு மட்டும், ஒரு சொல்லு இருக்குதுங்கன்னா.

"உங்கப்பன் பேரா? அது நடக்காது புள்ள."

"பேரு கேக்கலைங்க. இந்த வருசம் காப்பை உங்க கையில நீங்களே கட்டிக்கோங்க. அது போதும்."

அவரு சிரிச்சிட்டாரு. இவ்வளவுதானான்னாரு. அதைத்தான் அவரு பொஞ்சாதியும் ரெண்டு நாளா அழுது கேட்டுட்டிருந்தா, பேத்திக்காகவாவது நீங்களே கட்டுங்கன்னு. ஒரே கயித்துல ரெண்டு பேர் வாயையும் அடைச்சிடலாம்னு கணக்குப் போட்டாரு. பூசாரி கேக்கற கேள்வி நெனப்புல வரவே இல்லை. இத்தனை வருசமா அடுத்தவன் வாயால பதில் சொன்னவருக்கு எப்படி நெனப்பு வரும்?

அவரு போனதும் சித்தப்பன் வந்து, பேரு கேட்டிருக்கலாமேடின்னாரு. மயிலாத்தா சொன்னா, "கேட்டா இல்லைம்பாரு. இப்ப அவரா சொல்லுவாரு பாரு."

நோம்பி நடந்துச்சு. மேளம் டண்டணக்கு, சலங்கை ஜல்ஜல், குடம் சளசள. கொத்துக்காரர் தரையில படுத்து இடுப்பைப் பிடிச்சிட்டு நடந்தாரு. பேத்திக்கு முத்து எறங்கிருச்சு. இனிக் கம்பம் கெணத்துக்குப் போனா, தலைக்குத் தண்ணி ஊத்தலாம்.

கடைசி நாள் பொழுது சாயற நேரம். மேளம் நின்னுச்சு. பக்கத்து ஊரு சனமெல்லாம் வந்து நிக்குது. பூசாரி மணியை ஆட்டினாரு, கிணிங் கிணிங். கம்பம் குடுத்தது எந்தக் கைன்னு கேட்டாரு.

கொத்துக்காரர் தாத்தா பேரைச் சொல்ல வாயைத் தொறந்தாரு. அப்போ மணிக்கட்டுல மஞ்சக் கயிறு கண்ணுல பட்டுச்சு. வாய் தானா மூடிக்கிச்சு. ராக்கியானைத் திரும்பிப் பாத்து, சொல்லுன்னு கண்ணைக் காட்டினாரு. ராக்கியான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினாரு.

"எங் கையி வெறுங்கையிங்க."

சனம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு.

ரெண்டாந்தரம் கேட்டாரு பூசாரி. ஊருதான் குடுத்துச்சுன்னாரு கொத்துக்காரர். ஊருக்குக் கை கெடையாதுங்க, ஆள் பேரு வேணும்னாரு பூசாரி. அந்த மனுசனுக்கும் இத்தனை வருசம் ஏதோ உறுத்திட்டுத்தான் இருந்திருக்கும்.

ம் கொட்டு கண்ணு. இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

மூணாந்தரம் மணி அடிச்சுது. கொத்துக்காரர் கம்பத்தைப் பாத்தாரு. அம்மனைப் பாத்தாரு. வேப்பிலை மேல பேத்தியைத் தாங்கிட்டு நின்ன பொஞ்சாதியைப் பாத்தாரு. அவ மெதுவாச் சொன்னா, "புள்ளைக்குத் தண்ணி ஊத்தணுமுங்க. இருக்கறதைச் சொல்லுங்க."

அவரு தலையைக் குனிஞ்சு, பொங்கான்னு வாய்க்குள்ளயே முனகினாரு. கயித்துக்கு இந்தாண்டயிருந்து மயிலாத்தா கேட்டா, "பொங்கானுங்களா? அப்படி ஒருத்தரு எங்க வளவுல இல்லீங்களே."

அப்புறம் அந்த மீசைக்காரர் வாயிலிருந்து முழுப்பேரும் வந்துச்சு. உடனே மேளம் அடிச்சாங்க, கம்பத்தைப் பிடுங்கினாங்க, கெணத்துல தொப்புன்னு விட்டாங்க, பேத்திக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தினாங்க. முத்து அத்தனையும் உதிந்து அந்தப் புள்ள பின்னாடி ஏழூரும் பாக்கக் கல்யாணம் கட்டிப் போச்சு.

கயித்தை அன்னிக்கு அவுக்கலை. எல்லைக்கல்லு அங்கயேதான் கெடந்துச்சு. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன், அந்த ரெண்டுக்கும் இன்னும் ரொம்ப வருசம் முட்டி மோத வேண்டியிருந்துச்சு. ஆனா அந்த மூணாவது, அது அன்னிக்கே தீந்துச்சு. மயிலாத்தா வீட்டுக்குப் போயி மரத்தடியில உக்காந்து, அதுவரைக்கும் அழுகாத அழுகையெல்லாம் அழுதா.

கம்பம் கெணத்துல குளுந்திருச்சு, அம்மன் மலையேறிட்டா, உங்கண்ணும் மூடிருச்சு. தூங்கு. பிடுங்கறதுக்கு முன்னாடி பூசாரி நாலு தெசைக்கும் திரும்பி நின்னு சொன்னதை மட்டும் காதுல வாங்கிட்டுத் தூங்கு:

"வந்த சனமெல்லாம் சாட்சி. கம்பம் குடுத்த கை, கீழ வளவு காரியண்ணன் மகன் பொங்கியண்ணன்."