படத்தில் இருப்பவள்

ஓவியக் கல்லூரியில் மாடலாக உட்கார்ந்து உட்கார்ந்தே குணவதிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கழுத்தைத் திருப்பு என்பார்கள், திருப்புவாள். கண்ணைத் தாழ்த்து என்பார்கள், தாழ்த்துவாள். அவளை வைத்து வரைந்த படங்கள் ஹோட்டல்களில் தொங்கின. ‘குடத்துடன் பெண்’, ‘காத்திருப்பவள்’ என்று அவற்றுக்குப் பெயர்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவள் கிளம்பவில்லை.

“டீச்சர், எனக்கும் வரையக் கத்துக்குடுப்பீங்களா?”

ஆசிரியை ரெஹானா அவளைவிட இளையவள். “உட்காருங்கக்கா” என்று கரித்துண்டைக் கையில் கொடுத்தாள்.

கை ஓரளவு படிந்ததும் எதிரே ஒரு கண்ணாடியை வைத்தாள். “இப்ப உங்களையே வரைங்க.”

குணவதி வரைந்தாள். சாய்ந்த கழுத்து. தாழ்ந்த இமைகள்.

ரெஹானா படத்தைப் பார்த்தாள். “கண்ணைத் தாழ்த்திக்கிட்டு கண்ணாடியை எப்படிக்கா பார்த்தீங்க?”

குணவதி தாளைக் கிழித்தாள்.

“நானே வரைஞ்சாலும் பார்க்கிறவங்க அதே மாதிரிதானே பார்ப்பாங்க? இதுல என்ன வித்தியாசம் டீச்சர்?”

ரெஹானா புதுத் தாளைப் பலகையில் பொருத்தினாள்.

அடுத்த படம் முடியப் பல வாரங்கள் ஆயின. அதில் இருந்தவள் நேராகப் பார்த்தாள். புருவம் நெரிந்திருந்தது. கன்னத்தில் கரி அப்பியிருந்தது. கண்காட்சியில் அதை மாட்டினார்கள்.

குணவதியைப் பலமுறை வரைந்த பேராசிரியர் சதானந்தம் வந்து நின்றார்.

“கை நல்லா வந்திருக்கு. ஆனா இது நீ இல்லையேம்மா. முறைக்கிறாப்ல இருக்கு. உதட்டுல சின்னதா ஒரு சிரிப்பு வச்சுடு, அழகாயிடும்.”

பழக்கத்தில் குணவதியின் கை பையிலிருந்த கரித்துண்டைத் தேடியது. எடுத்தவள் ரெஹானாவைப் பார்த்தாள்.

“மாத்திடவா டீச்சர்?”

“என்னைக் கேட்காதீங்கக்கா. சாரையும் கேட்க வேண்டாம். படத்துல இருக்கிறவளைக் கேளுங்க. இதுவரைக்கும் எந்தப் படத்துலயும் அவளை யாரும் கேட்டதில்ல.”

குணவதி படத்தின் முன்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு திரும்பினாள்.

“மாட்டேங்கிறா சார்.”