கட்டிலை விட்டு இறக்காமல்

"அந்த மூணு வருஷத்தை மட்டும் கேக்காதீங்க, சிஸ்டர்" என்றாள் பேச்சித்தாய்.

ஆஸ்பத்திரியோடு இணைந்த நர்சிங் பள்ளியில் இடம் கேட்டு வந்திருந்தாள். வயது முப்பத்திரண்டு. எதிரே இருந்த ஆசிரியை சிஸ்டர் ஜெனிட்டா அவளைவிட இளையவர். யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்பது அவர் கையில்தான் இருந்தது.

பிளஸ் டூவில் பேச்சித்தாய்க்கு நல்ல மார்க். அதன்பிறகு ஒரு கல்லூரியில் மூன்று வருடம்: பாதிப் பாடம் அரியர், மீதி ஆப்சென்ட். அதைப் பார்த்ததுமே வேறு பள்ளிகள் அவளை வாசலோடு அனுப்பிவிட்டன. வயது வரம்பும் நெருங்கிவிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால், கடைசி வரை துணிக்கடையில் புடவை மடிக்க வேண்டியதுதான்.

அந்த வருடங்களைத் துடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க விட்டால், தான் நல்ல நர்ஸாக வருவேன் என்று சொன்னாள்.

சிஸ்டர் எழுந்தார்.

"வார்டுக்கு வாங்க."

அங்கே காய்கறிக்காரி பொன்னுத்தங்கம் படுத்திருந்தாள். பக்கவாதம். இடது பக்கம் அசையாது, வாய் மட்டும் ஓயாது. படுக்கை விரிப்பு நனைந்திருந்தது.

சிஸ்டர் ஒரு சலவை விரிப்பைப் பேச்சித்தாயிடம் நீட்டி, மாற்றச் சொன்னார்.

பேச்சித்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். நோயாளியை வேறு கட்டிலுக்குத் தூக்க ஆள் வேண்டும் என்றாள்.

"வேற கட்டில் இல்லை."

நாற்காலியில் உட்கார வைக்கலாமா என்று கேட்டாள்.

"உட்கார முடியாது."

"பின்ன எப்படி மாத்துறது, சிஸ்டர்? எனக்குத் தெரியலையே. ஆள் மேலயே கிடக்காங்களே."

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னைக் கூரையில மாட்டிராதீங்க" என்றாள் பொன்னுத்தங்கம்.

சிஸ்டர் பொன்னுத்தங்கத்தைப் பேச்சித்தாய் நின்ற பக்கமாகச் சாய்த்து, பிடித்துக்கொள்ளச் சொன்னார். நனைந்த விரிப்பை முதுகு வரை சுருட்டினார். காலியான பாதியைத் துடைத்து, அதில் புது விரிப்பைப் பரப்பினார். அதன் மறுபாதியையும் சுருட்டிப் பழைய சுருளை ஒட்டி வைத்தார். கட்டிலின் நடுவே நீளமாக ஒரு மேடு.

"இனி இந்த மேட்டுக்கு மேல என் பக்கமா மெதுவா திருப்பணும்."

"உறுத்துமே, சிஸ்டர்."

"உறுத்தும். அதனாலதான் கையை எடுக்கக் கூடாது."

பேச்சித்தாய் கையை எடுக்கவில்லை. பொன்னுத்தங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு மேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாள். காய்ந்த துணியில் கன்னம் பட்டதும் அவள் முகம் தளர்ந்தது.

"அப்பாடா" என்றாள்.

பழைய விரிப்பு இப்போது பேச்சித்தாய் பக்கம் கிடந்தது. அதை அவளே உருவி எடுத்தாள்; புது விரிப்பின் சுருளைச் சிஸ்டர் அவள் பக்கமாகத் தள்ளி விரித்தார். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன், சிஸ்டர். இங்கிலீஷ்ல நடத்துனாங்க. ஒண்ணும் புரியல. புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."



"இனிமே புரியலன்னா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"கேப்பேன், சிஸ்டர். சத்தியமா கேப்பேன்."

"கொஞ்சம் முன்னாடி தெரியலன்னு கேட்டீங்களே."

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

சிஸ்டர் ஈரத்துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உங்க பக்கம் விரிப்பு தொங்குது. கையைக் கழுவிட்டு வந்து, இழுத்துச் செருகுங்க. நாளையிலிருந்து இந்தக் கட்டில் உங்க பொறுப்பு."