இறங்காத சீட்டு

“ங்ங்ங்ங்ஙீ…” என்று ஒரு முக்கல் தெரு முழுக்கக் கேட்டது. பசு கன்று போடுகிறது என்று நினைத்து அங்கம்மாள் வெந்நீர்ப் பானையோடு ஓடிவந்தாள்.

பசு இல்லை. அவள் புருஷன் உய்யவந்தான் ஒரு சைக்கிள் சீட்டைக் கட்டிப்பிடித்து முக்கிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பை அங்கம்மாளின் பெரிய தம்பி சடையாண்டி பிடித்திருந்தான். சடையாண்டியின் இடுப்பைச் சின்னத் தம்பி வெள்ளைக்கண்ணு பிடித்திருந்தான். சைக்கிளைத்தான் யாரும் பிடிக்கவில்லை. அதனால் அதுவும் கூடவே வந்துகொண்டிருந்தது.

சைக்கிள் உய்யவந்தானின் மாமனாருடையது. அவர் ஆறடி ஆள். மருமகன் ஐந்துக்கும் குறைவு. ஏறி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். சீட்டை இறக்கலாம் என்றால், சீட்டுக் கம்பி துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

இறக்கியே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை காலை குடிநீர்த் தொட்டிக்கு எவன் சைக்கிளில் வந்து சேருகிறானோ அவனுக்கே வால்வு திறக்கும் வேலை என்று ஊராட்சித் தலைவர் சொல்லிவிட்டார். இதையும் கோட்டைவிட்டால் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக அங்கம்மாள் சொல்லிவிட்டாள். தாய்வீடு அடுத்த வீடுதான். ஆனாலும் அவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ அங்கேதான் சோறு வேகும்.

சைக்கிள் கடை இன்னாசியிடம் கேட்டார்கள்.

“மண்ணெண்ணெய் விட்டு ஒருநாள் ஊறப் போடுங்க. அப்புறம் ஒரு ஆள் சீட்டை அசையாமப் பிடிச்சுக்கணும். மத்தவங்க சைக்கிளைத் திருப்பணும். அம்புட்டுத்தான்.”

ஊறப் போட்டார்கள். மறுநாள் வெள்ளைக்கண்ணு ஒரு நூலால் கம்பியைச் சுற்றி அளந்தான். முகம் வாடிவிட்டது.

“மச்சான், நேத்து இருந்த அளவுதான் இருக்கு. உளுந்துகூட ஒரு ராத்திரியில ரெண்டு பங்கு உப்புது.”

“இரும்பு பெரிய சாமான் மாப்ள, மெதுவாத்தான் உப்பும்,” என்றான் உய்யவந்தான். அப்படி நம்பாவிட்டால் அவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

அடுத்து, சீட்டை அசையாமல் பிடிக்கவேண்டும். கையால் பிடிப்பதைவிட உட்கார்ந்து அழுத்துவதே உறுதி என்று உய்யவந்தானைத் தூக்கிச் சீட்டில் வைத்தார்கள். இருவரும் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

“மச்சான், நீங்க அசைஞ்சீங்களா?”

“சத்தியமா இல்லடா. கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். வேப்பமரந்தான் என்னைச் சுத்தி ஓடுச்சு.”

“அப்ப மரத்தைப் பிடிக்கணும்,” என்றான் சடையாண்டி. வெள்ளைக்கண்ணு போய் வேப்பமரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். சடையாண்டி தனியாக மறுபடி சுற்றினான். மரம் மறுபடி ஓடியது. “நான் விடவே இல்ல!” என்று வெள்ளைக்கண்ணு அழாத குறையாகச் சொன்னான்.

அங்கம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். “எங்கப்பன் உங்க மூணு பேருக்குப் பதிலா மூணு எருமையை வாங்கிக் கட்டியிருக்கலாம்!” என்று சொல்லிவிட்டு, துணிகளை மூட்டை கட்ட உள்ளே போனாள்.

சோறு அடுத்த வீட்டுக்குப் போகப் பார்த்தது. உய்யவந்தானுக்கு உடனே யோசனை வந்தது.

“மாப்ள, சீட்டு இறங்காது. சரி. சைக்கிளை இறக்குனா?”

சைக்கிள் நிற்கும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டி அதில் இறக்கினார்கள். உய்யவந்தான் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலும் இரண்டு பக்கக் கரையில் பாந்தமாக ஊன்றின. மூவரும் கண் கலங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

“ஆனா தொட்டி கால் மைலு தள்ளி இருக்கே?” என்றான் வெள்ளைக்கண்ணு.

“பள்ளத்தையும் அதுவரைக்கும் கொண்டுபோக வேண்டியதுதான்,” என்றான் உய்யவந்தான்.

இரண்டு நாள் வெட்டினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் தெருவில் பள்ளம் தோண்டுகிறவனை அரசாங்க ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் தொட்டியடியில் காத்திருந்தார். பூமிக்குள்ளிருந்து பாதி ஆளாக, கரையைக் காலால் உந்தி உந்தி, உய்யவந்தான் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மச்சினர்கள் இருவரும் கரைமேல் கூடவே ஓடிவந்தார்கள்.

“சைக்கிள்ல வந்துட்ட. வேலை உனக்குத்தான்,” என்றார் தலைவர். “இப்ப வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வா.”

உய்யவந்தான் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

“எப்படிங்க போறது? இது வர்ற பள்ளமாச்சே.”

சடையாண்டியும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். தலைவரும் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்.

“நியாயந்தான். எதுக்க இன்னொரு வண்டி வந்தா வம்பு,” என்றார்.

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ஒரு முழம் தள்ளி, போகிற பள்ளத்தை வெட்ட ஆரம்பித்தார்கள்.