எழுத்துப் பிசகாத பதில்

தாளாளர் சபாபதி தன் பள்ளி வாசலில் 'எதிர்காலப் பள்ளி' என்று பலகை மாட்டியிருந்தார். உள்ளே நடந்ததெல்லாம் நோட்ஸை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதுதான். சொந்தமாக எழுதினால் பூஜ்யம்.

ஒன்பதாம் வகுப்பு மாரிச்செல்வி சொந்தமாகத்தான் எழுதுவாள். அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் இவளால் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடுமாம். பெற்றோர் கூட்டத்திலேயே அவளை எழுப்பி நிறுத்தினார்.

"பெரியவளாகி என்ன கிழிக்கப் போறே? நான் சரின்னு ஒத்துக்கிற மாதிரி சொல்லு. இல்லேன்னா இப்பவே டி.சி.!"

அவள் அம்மா எழுந்து கும்பிட்டாள். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மாரிச்செல்வி கைகட்டிக்கொண்டாள். "நான் மக்கு சார். முதல் ரேங்க் ரோஷிணி முதல்ல சொல்லட்டும். அதை அப்படியே ஒப்பிச்சிடறேன்."

"இப்பத்தான் வழிக்கு வந்தே!" தாளாளருக்கு வாயெல்லாம் பல். "ரோஷிணி, நீ சொல்லும்மா. பெரியவளாகி என்ன செய்வே?"

ரோஷிணி திருதிருவென்று விழித்தாள். "சார், இது நோட்ஸ்ல எந்தப் பக்கம்?"

உடனே மாரிச்செல்வியும், "சார், இது நோட்ஸ்ல எந்தப் பக்கம்?" என்றாள். "எழுத்து ஏதும் பிசகிடுச்சா சார்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாளாளர் பிசகியதாக எப்படிச் சொல்வார்?

அன்றைக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போனது ரோஷிணிதான். அவள் அப்பாவே கேட்டு வாங்கினார்.