குழந்தைவேலுவின் ஐந்தாவது ஊசி

குழந்தைவேலு என்று பெயர் வைத்தவர்கள் அவர் வளர்ந்த பிறகு ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயது, நூற்று இருபத்தெட்டு கிலோ. காங்கேயம் பக்கத்து அன்னதான சபை ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் பரிமாறுகிறவர். அவர் கையால் சாப்பிட்டவர்கள் தரையில் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். 'போதும்' என்று இலையை மறைத்தால் கைமேலேயே சாதம் விழும்.

சபைத் தலைவி மரகதம் அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர். தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த சீடரை அவர் 'வேலண்ணா' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் குழந்தைவேலு அடுப்பிலிருந்த பெரிய சாம்பார் போசிக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டார். நெற்றி போசியின் விளிம்பில் இடித்து விழித்துக்கொண்டார். இன்னும் ஒரு சாண் சரிந்திருந்தால் கொதிக்கிற சாம்பாருக்குள்தான் முகம் போயிருக்கும்.

மறுநாளே மரகதம் அம்மா அவரைத் திருப்பூருக்கு அனுப்பி வைத்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார். சர்க்கரை இருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. பகலில் கண் சொருகியது அதனால்தான். எடை குறைந்தே ஆக வேண்டும் என்று வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு ஊசி ஆயிற்று. ஐந்தாவது ஞாயிறு காலையில், அளவு கூட்டி எழுதியிருந்த புதுப் பேனாவை டப்பாவோடு எடுத்துக்கொண்டு வந்து குருவின் முன்னால் நின்றார்.

"அம்மா, இதைக் கிணத்துல போடப் போறேனுங்க."

மரகதம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஒத்துக்கலீங்களா?"

"நல்லா ஒத்துக்குதுங்க. அதுதானுங்க பிரச்சினையே."

"உக்காந்து சொல்லுங்க."

குழந்தைவேலு உட்காரவில்லை.

"மொத வாரம் குமட்டுச்சு. அப்புறம் சரியாயிருச்சு. ரெண்டாவது வாரம் வடைத் தட்டு முன்னால நிக்கறேன், ஒண்ணுமே தோணலீங்க. பன்னெண்டு வயசுலிருந்து எனக்குள்ள ஒருத்தன் 'இன்னொண்ணு, இன்னொண்ணு'ன்னு கத்திக்கிட்டே இருந்தானுங்க. தூங்கறப்பக் கூட உட மாட்டான். அவன் பேச்சு நின்னுபோச்சு."

"சந்தோசம்தானுங்களே?"

"அன்னைக்குப் பூரா அழுதேனுங்க."

மரகதம் அம்மா கீரைத் தண்டைக் கீழே வைத்தார்.

"எத்தனை விரதம், எத்தனை சத்தியம்! எங்கப்பன் என்னைப் பெருந்தீனிக்காரன்னு திட்டிக்கிட்டேதான் கண்ணை மூடுனாரு. நானும் என்னை அதே பேரைச் சொல்லித்தான் திட்டிக்கிட்டேன். நாப்பது வருசமா முடியாததை ஒரு ஊசி ரெண்டு வாரத்துல முடிச்சிருச்சு. அப்ப நான் பட்ட வெக்கமெல்லாம் எதுக்குங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் அவருக்கே தெரியவில்லை.

"காய் நறுக்கற நடராசு சிரிக்கறானுங்க. ஊசி போட்டு வந்த வைராக்கியம்ங்கறான். சிரிச்சுப்போட்டு, மிச்சமிருந்தா எனக்கும் ஒரு குத்து குத்துங்கண்ணாங்கறான்."

"குத்துனீங்களா?"

"அய்யோ, இல்லீங்க. ஒருத்தர் பேனா ஒருத்தருக்குத்தான், ஊசிமுனையை மாத்திப் போட்டாலும் இன்னொருத்தருக்குப் போடக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க." குழந்தைவேலு டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆனா நடராசு கேட்டது நாயமான கேள்விதானுங்களே. இந்த அடக்கம் என்னுதா, ஊசியோடதா? ஊசியோடதுன்னா எனக்கு வேண்டாமுங்க. நானே அடக்கிக் காட்டறேன். இன்னைக்கிருந்து ஒரு வேளைதான் சோறு."

"நிறுத்துனா என்ன ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்களா?"

"கத்தறவன் திரும்பி வருவான்னாங்க. எடையும் கூடவே வரும்னாங்க. வரட்டுமுங்க. இந்தத் தடவை அவனா நானான்னு பாத்தர்றேன்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். மரகதம் அம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஒரு வேளைச் சோற்றோடு கிடப்பார். அதுவும் தாங்காமல் ஒரு நாள் பழையபடி தின்பார். திரும்பவும் போசி பக்கத்தில் நின்று தூங்குவார். அந்தப் போசியின் விளிம்பு மரகதம் அம்மாவின் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

ஆனால் அவர் சொன்னது வேறு. "சரிங்கண்ணா. பந்தி முடியட்டும். நானே கிணத்து வரைக்கும் கூட வர்றேன். அதுவரைக்கும் ப்ரிட்ஜுல வெச்சுட்டு வாங்க."

"தூக்கிப் போடறதுக்கு எதுக்குங்க ப்ரிட்ஜு?"

"போடற வரைக்கும் அது மருந்துதானே."

மதியம் முதல் பந்திக்குத் தேங்காய்க் களத்துப் பெண்கள் வந்தார்கள். களத்துக்கு ஞாயிறு கிடையாது. விடியலிலிருந்து தேங்காய் உடைத்து வெயிலில் காயப் போட்டுவிட்டு வருகிறவர்கள்.

வழக்கமாகக் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற மரகதம் அம்மா அன்று அவர்களோடு உட்கார்ந்தார். பக்கத்து இலை பூவாத்தாளுடையது. அவள் மாதிரி வேகமாகத் தேங்காய் உடைக்க அந்தக் களத்தில் ஆள் கிடையாது.

குழந்தைவேலு சாதத்தோடு வந்தார். இலைக்கு ஒரு கரண்டி. கொஞ்சம் பொரியல். ரசம் வருவதற்குள் பூவாத்தாளின் இலை காலியாகிவிட்டது. அவர் திரும்பி வருவதை அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் இலையைப் பார்த்தார். 'ஆச்சு' என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

பூவாத்தாள் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். மோரை இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். பிறகு இலையை மூடப் போனாள்.

"வயிறு நெறஞ்சுதா பூவாத்தா?" என்றார் மரகதம் அம்மா.

"நெறஞ்சுதுங்கம்மா."

"இன்னொரு தடவை கேக்கறேன்."

பூவாத்தாள் குழந்தைவேலுவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு மூணு வாரமா அண்ணன் கை சுருங்கிப்போச்சுங்கம்மா. சபையில அரிசிக்குச் சிரமமாட்ட இருக்குதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம். கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்னு உட்டுட்டோம்."

குழந்தைவேலுவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எந்திரிக்காத, உக்காந்திரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மரகதம் அம்மா கையைக் கழுவிக்கொண்டு குழந்தைவேலுவைச் சமையல் கட்டுக்குள் அழைத்துப் போனார். சாதப் போசியின் மூடியைத் திறந்து காட்டினார். மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. முதல் பந்திக்கென்று வடித்தது அது.

"ரெண்டு வாரத்துக்கு மேல மாட்டுக்குப் போகுதுங்கண்ணா. வடிக்கறவங்க கணக்கு தப்புதுன்னு நெனச்சிருந்தேன்."

"எல்லாருக்கும் போதுமானதுதானுங்களே போட்டேன்?" குழந்தைவேலு போசிக்குள் எட்டிப் பார்த்தார். "இலையைப் பாத்தாலே திகட்டுச்சுங்க. இதுக்கு மேல எப்படித் தின்பாங்கன்னு இருந்துச்சு."

"யாருக்குத் திகட்டுச்சு?"

தனக்குத்தான் என்று குழந்தைவேலுவுக்கு உறைத்தது. அவமானம் கழுத்துவரை ஏறியது. அப்பா திட்டியபோதுகூட இத்தனை வலித்ததில்லை. வேகமாகப் போய் ப்ரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தார்.

"அப்பக் கண்டிப்பா இது கிணத்துக்குத்தானுங்க. பசி இருந்த வரைக்கும் ஒரு உசுரைக் கூட அரை வயித்தோட எழுப்புனதில்லை நான். இது பசியையும் எடுத்துருச்சு, கையையும் சுருக்கிருச்சு. வாங்க போலாம்."

மரகதம் அம்மா நகரவில்லை. "டாக்டரம்மா உங்களுக்கு எப்படி அளவு வெச்சாங்க?"

"இப்ப எதுக்குங்க அது?"

"சொல்லுங்க."

"கேட்டுக் கேட்டுத்தானுங்க வெச்சாங்க. வீட்டுல யாருக்காச்சும் தைராய்டுல புத்துக் கட்டி வந்துச்சா, உங்களுக்குக் கணையம் வீங்குச்சா, என்னென்ன மாத்திரை போடறீங்கன்னு ஒரு மணி நேரம் கேட்டாங்க. சின்ன அளவுல ஆரம்பிச்சாங்க. நாலு வாரம் கழிச்சுப் போனா மறுபடியும் கேள்வி. குமட்டுதா, வயித்தால போகுதா, கட்டிக்குதா, பருப்பு சுண்டல் சேக்கறீங்களா, நடக்கறீங்களா. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் அளவைக் கூட்டுனாங்க."

"அவங்களுக்கும் உங்களாட்ட உடம்பா?"

"டாக்டரம்மாவுக்குங்களா?" அந்த நிலையிலும் குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காத்தடிச்சா பறந்துருவாங்க. ஈர்க்குச்சிதானுங்க."

"உங்க பசி அவங்களுக்கு இல்லை. அப்புறம் எப்படித் தெரிஞ்சுதாம், உங்களுக்கு எவ்வளவு வேணும்னு?"

"கேட்டுத்தானுங்க..." என்று ஆரம்பித்த குழந்தைவேலு வாசல் பக்கம் திரும்பினார்.

வெளியே பூவாத்தாள் இலை முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். அவளோடு வந்தவர்களும் எழுந்திருக்காமல் இருந்தார்கள். சமையல் கட்டு வாசல் வழியே அவர்கள் தெரிந்தார்கள். அவர்களையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த டப்பா வேர்த்துப் போயிருந்தது.

பிறகு அவராகவே ப்ரிட்ஜைத் திறந்தார். தயிர்ச் சட்டியை நகர்த்திவிட்டு டப்பாவை உள்ளே வைத்தார்.

"பந்தி முடிஞ்சதும் போட்டுக்கறேனுங்க" என்றார்.

சாதப் போசியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டார். அன்னக்கரண்டியை எடுத்தார். வாசற்படியில் கால் வைத்தவர் திரும்பி நின்றார்.

"ஆனா காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்கம்மா. இந்த அடக்கம் என்னுதா, ஊசியோடதா?"

மரகதம் அம்மா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"இருவத்தாறு வருசம் உங்க பசி பரிமாறுச்சுங்கண்ணா. இனி நீங்க பரிமாறுங்க."