சொர்ணம் மெஸ் பார்சல்

நண்பன் ஞானதுரை சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

பாளையங்கோட்டையில் படித்தபோது அவனும் அறைத்தோழன் இசக்கியும் தினமும் ஒரே பார்சல் சாப்பாட்டை வாங்கிப் பகிர்ந்துகொண்டார்களாம். அப்படித்தான் வீட்டிலிருந்து வந்த பணம் மாதக் கடைசிவரை தாங்கியது. ஒருநாள் மெஸ் முதலாளி சொர்ணம் அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏலே, பார்சல் ஒரு ஆளுக்குத்தான்! இனிமே ரெண்டு வாங்கு, இல்லன்னா இந்தப் பக்கமே வராதே!" என்று சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி முழங்கினார்.

"வாங்குதேன் அண்ணாச்சி. ஒரு ஆளு தின்னு முடிக்கலாம்னு நீங்களே காட்டிருங்க," என்றான் இசக்கி.

அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. அடுக்கியிருந்த பார்சல்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்து, சாம்பாரில் தொடங்கினார். ரசத்துக்கு வரும்போதே இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினார். மோருக்கு முன்னால் கை கழுவ எழுந்துவிட்டார்.

"ஒண்ணையே வாங்கித் தொலைங்கலே!"

எந்த முதலாளியாவது இப்படி மாட்டிக்கொள்வாரா? எனக்குச் சந்தேகம் தீரவில்லை. போன வாரம் ஞானதுரையிடம் கேட்டே விட்டேன்:

"அண்ணாச்சி கைபடாத அந்தப் பாதிச் சோறு என்னடா ஆச்சு?"

"அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் அதுதாம்ல சாப்பாடு, அதுவும் ஓசியில!" என்றான்.